மறு: ஃபயர் சப்ரெஷன் – ‘தீயணைப்பு’ என்றே விட்டுவிடலாமா?

> இதற்குத் தனிச்சொல் எதற்கு? தீயணைப்பு என்று ஊரே சொல்கிறது. அதையே வைத்துக்கொள்வோம்.

அனைவருக்கும் வணக்கம்.

நம் கலைச்சொல் பட்டியலுக்கு ‘ஃபயர் சப்ரெஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் மேலே உள்ள வரியைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டடங்களில் தீக்குழாய் போடுவதும் தீ எச்சரிக்கைப் பேனல் சோதிப்பதும்தான் எனக்குப் பல வருடப் பிழைப்பு, அதனால் இந்தச் சொல் எனக்கு அகராதிச் சமாசாரம் மட்டும் இல்லை.

ஒரு சரக்குக் கிடங்கு. கூரையைத் தொடும் அளவுக்கு அட்டைப்பெட்டிகள். இரவில் ஒரு மூலையில் பற்றிக்கொண்டது, மேலே ஸ்பிரிங்க்ளரில், அதாவது சூடு பட்டதும் தானே தண்ணீர் தெளிக்கும் கூரைக்குழாய் அமைப்பில், இரண்டு தலைகள் திறந்தன. (எல்லாம் ஒன்றாகத் திறந்து மழை கொட்டுவது சினிமாவில்தான். எந்தத் தலையின் கண்ணாடிக் குமிழ் சூடேறுகிறதோ அதுதான் உடையும், சிவப்புக் குமிழ் என்றால் 68 டிகிரி செல்சியஸில்.) கொழுந்து இறங்கிவிட்டது, புகை மட்டும்தான். காவலுக்கு இருந்தவர் கையில் ஒரு பக்கத் தாள், தமிழில், தலைப்பு ‘தானியங்கித் தீயணைப்பு அமைப்பு’. சரி, அணைத்தாயிற்று, இனிமேல் சரக்கு நனைவானேன் என்று அவர் அந்தப் பகுதியின் வால்வை மூடிவிட்டார். பெட்டிகளுக்குள்ளே கனன்றுகொண்டிருந்தது கொஞ்ச நேரத்தில் மறுபடியும் எழுந்தது, இந்த முறை மேலே தண்ணீர் இல்லை. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கிடங்கில் பாதி போயிற்று. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ‘அணைப்பு’ என்று அந்தத் தாளில் எழுதியது நான்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஸ்பிரிங்க்ளர்களுக்கான என்.எஃப்.பி.ஏ. 13 என்ற அமெரிக்க விதித்தொகுப்பு ‘கன்ட்ரோல்’, ‘சப்ரெஷன்’ என்று இரண்டைத் தனித்தனியே வரையறுக்கிறது. முதலாவதில் தீ எரியும், ஆனால் பரவாது: சுற்றியிருப்பதை முன்கூட்டியே நனைத்து, கூரைக்கடியில் வெப்பம் ஏறாமல் பார்த்துக்கொள்வதோடு சரி. இரண்டாவதில் தண்ணீர் கொழுந்தைத் துளைத்துக்கொண்டு எரியும் பரப்பிலேயே போதுமான அளவு விழ வேண்டும், வெப்பம் வெளிவரும் வேகம் சடாரென்று குறைய வேண்டும், மறுபடி தலைதூக்கக் கூடாது. உயரமான கிடங்குகளுக்கு வரும், சீக்கிரம் திறந்து நிறையத் தண்ணீர் கொட்டும் இ.எஸ்.எஃப்.ஆர். வகைத் தலைகள் இதற்கென்றே செய்தவை. இரண்டிலுமே ‘முழுதாக அணைந்தது’ என்ற உத்தரவாதம் கிடையாது. அதைக் குழாயோடு வருகிற தீயணைப்பு வீரர் பெட்டியைக் கிளறிப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

ஓட்டல் சமையலறையில் அடுப்புக்கு மேலே இருக்கும் புகைக்கூண்டுக்குள் வைக்கிற அமைப்பும் இப்படித்தான். பொட்டாசியம் உப்புக் கரைசல் கொதிக்கும் எண்ணெயில் விழுந்ததும் மேலே சோப்பு நுரை ஒரு படலமாகக் கட்டிக்கொள்ளும். படலத்துக்குக் கீழே எண்ணெய் இன்னும் தானாகவே பற்றிக்கொள்ளும் சூட்டில்தான் இருக்கும், ஆறும்வரை அந்தப் படலம் கலையக் கூடாது, அடுப்புக்குப் போகும் கேஸும் கூடவே அடைபட வேண்டும். இதை அணைப்பு என்பீர்களா? அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

> தீத்தணிப்பு – பொருத்தமாக இருக்கிறது, இனிமையாகவும் இருக்கிறது.

ஐயா, இனிமைதான், எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் மூன்று சிக்கல். தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது, கோபம் தணிகிறது. தணிந்தது பெரும்பாலும் தணிந்ததுதான், திரும்பி எழுமோ என்ற பயம் அந்தச் சொல்லில் இல்லை. அப்புறம், ‘பேரிடர் தணிப்பு’ என்று ஏற்கெனவே வேறொரு பொருளில், பாதிப்பைக் குறைக்கும் திட்டங்களுக்கு அது புழங்குகிறது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: தீத்தடுப்பு, தீத்தணிப்பு இரண்டையும் ஒரே சுவரில், புகை படிந்த பலகையில், பத்தடி தள்ளி நின்று படித்துப் பாருங்கள்.

‘தீயொடுக்கம்’ வேண்டாம். ஒடுக்கம் என்றால் குறுகலும் நினைவுக்கு வருகிறது, கூடவே அரசியலும் வந்துவிடுகிறது.

நான் முன்வைப்பது ‘தீயடக்கு’. இன்னொரு பெயருக்கு முன்னால் அப்படியே நிற்கும்: தீயடக்கு அமைப்பு, தீயடக்குக் குழாய், தீயடக்கு வாயு. செயலுக்குத் தீயடக்கல். தீ மேல் போய் விழுகிற தண்ணீர், நுரை, பொடி, வாயு எல்லாவற்றுக்கும் பொதுவாகத் தீயடக்கி. ஆங்கிலத்தில் இவற்றுக்கு ‘ஏஜென்ட்’ என்று பெயர். அதை ‘முகவர்’ என்று மொழிபெயர்த்த கையேடு ஒன்றைப் பார்த்திருக்கிறேன், ‘சுத்தமான முகவர் அறைக்குள் நுழைவார்’ என்று இருந்தது, கமிஷன் கேட்பாரோ என்று பார்த்தேன். ‘கிளீன் ஏஜென்ட்’ என்பதில் ‘கிளீன்’ என்றால் மின்சாரம் கடத்தாதது, ஆவியானபின் எதையும் மிச்சம் வைக்காதது என்று பொருள், ஆகவே ‘எச்சமிலி’ போதும். வாயு என்ற சொல்லை அதில் நுழைக்காதீர்கள். எஃப்.கே.-5-1-12 என்ற எச்சமிலி சிலிண்டருக்குள் திரவமாக இருப்பது, அதன் கொதிநிலை 49 டிகிரி.

கைக்கருவி தீயணைப்பானாகவே இருக்கட்டும், ஆள் நின்று அணைப்பது அது. குழாயில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் சின்ன ஜாக்கி பம்ப்பின் பெயரை யாரும் தொட வேண்டாம், ‘குதிரையோட்டி இறைப்பி’ என்று போன மாதம் வந்ததை நினைத்தால் இன்னும் சிரிப்பு வருகிறது. ஸ்பிரிங்க்ளரும் அப்படியே இருக்கலாம், தெளிப்பான் என்றால் வயல்தான் கண்ணுக்குத் தெரியும்.

*

ஐயா, வணக்கம். கிடங்குக் கதை புரிந்தது. ஆனால் இரண்டு தடை. ஒன்று, அடக்கம் என்றால் சவ அடக்கம், ‘தீயடக்கம்’ என்று யாராவது பேச்சுவாக்கில் சொல்லத்தான் செய்வார்கள். இரண்டு, சர்வர் அறைக்குள் வாயு பாய்ச்சுவது அணைக்கத்தானே? அங்கே அடக்கு என்றால் நீங்கள் சொன்ன அதே தவறு தலைகீழாக வராதா?

*

அம்மா, முதல் தடையை ஒத்துக்கொள்கிறேன், அதனால்தான் ‘அடக்கம்’ என்று முடிக்காமல் ‘அடக்கல்’ என்றேன். நாக்கு எங்கே போகும் என்பது நம் கையில் இல்லை.

இரண்டாவது நல்ல கேள்வி. வாயு வகை அணைக்கத்தான் கணக்கிடப்படுகிறது: அறை முழுக்கக் குறிப்பிட்ட செறிவு வரவேண்டும், எஃப்.எம்.-200 போன்ற வாயுக்கள் பத்து நொடிக்குள் அந்தச் செறிவை எட்ட வேண்டும், பிறகு அது அறையில் பத்து நிமிடமாவது நிற்க வேண்டும். இந்த ‘நிற்க வேண்டும்’ என்பதில்தான் சிக்கல். பத்தாவது நிமிடத்துக்கு முன்னால் யாரோ எட்டிப்பார்க்கக் கதவைத் திறந்தால், அல்லது கேபிள் போன ஓட்டையை யாரும் அடைக்காமல் விட்டிருந்தால், வாயு இறங்கிப் போய்விடும், சூடான கம்பி அங்கேயே இருக்கும், மின்சாரத்தைத் துண்டிக்காவிட்டால் மறுபடி புகையும். அடக்கு என்று நினைப்பவர் கதவைத் திறக்க யோசிப்பார், அணைத்தாயிற்று என்று நினைப்பவர் திறந்துவிடுவார். சொல் கொஞ்சம் குறைவாக வாக்குக் கொடுத்தால் நஷ்டமில்லை, அதிகமாகக் கொடுத்தால்தான் வம்பு. கரியமில வாயு அமைப்பு என்றால் இன்னும் மோசம், தீயை அணைக்கக் குறைந்தது 34 விழுக்காடு நிரப்புவார்கள், அந்த அறைக்குள் போகிற ஆள் திரும்ப மாட்டார்.

பட்டியலில் சேர்ப்பது உங்கள் எல்லோர் முடிவு. நான் காவலருக்கான தாளை மாற்றி எழுதிவிட்டேன்:

‘தீயடக்கு அமைப்பு. இது தீயை அடக்கிப் பிடிக்கும். அணைந்துவிட்டது என்று தீயணைப்பு வீரர் சொல்லும்வரை வால்வைத் தொடாதே.’

*

‘தொடாதீர்கள்’ என்று போடுங்கள் ஐயா. ராத்திரி முழுக்க விழித்திருப்பவர் அவர். மற்றபடி என் ஓட்டு தீயடக்குக்கே.