பழைய ஐடிஇ இயக்கிகளின் நீக்கம்: எங்கள் வன்தட்டு இயங்குமா?

கேள்வி (செவ்வாய்ப்பேட்டை, சேலம்):
எங்கள் வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கணக்குகள் ஐடிஇ எனும் பழைய வகை இணைப்புள்ள வன்தட்டு கொண்ட, லினக்ஸில் இயங்கும் பழைய கணினியில் உள்ளன. 2021இல் வெளிவந்த லினக்ஸ் 5.14 கெர்னலில் (இயங்குதளத்தின் மைய நிரல்) பழைய ஐடிஇ இயக்கிகள் (வன்தட்டை இயக்கும் நிரல்கள்) நீக்கப்பட்டதாக அறிந்தேன். புதிய கெர்னலை நிறுவலாமா?

மறுமொழி (ஏற்காடு):
நிறுவலாம், ஐயா. நீக்கப்பட்டது பழைய நிரல் தொகுப்பு மட்டுமே. அதே வன்தட்டுகளை லிப்ஏட்டா என்ற புதிய இயக்கித் தொகுப்பு பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறது. ஆனால் பழைய இயக்கியில் எச்டிஏ என்றிருந்த வன்தட்டின் பெயர் எஸ்டிஏ என மாறுவதால், தொடங்கும்போது எந்த வட்டுப் பகுதியை இணைப்பது எனக் கூறும் எஃப்எஸ்டேப் கோப்பில் பெயருக்குப் பதிலாக அதன் தனி அடையாளமான யூயூஐடி எண்ணை எழுதிவிடுங்கள். இல்லையெனில் கணினி தொடங்காமல் நின்றுவிடலாம்.

மறுமொழி (அஸ்தம்பட்டி):
இந்த நீக்கம் எனக்கும் முதலில் வருத்தமளித்தது. எனினும் கெர்னலின் உள்ளமைப்பு மாறும்போதெல்லாம், சோதிக்க வன்பொருள்கூட இல்லாமல் ஒருவர் திருத்தும் இயக்கியை நம்பிக் கணக்குகளை ஒப்படைப்பது அதைவிட ஆபத்தானது. முதலில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேட்டவர்:
பார்த்தேன், ஏற்கெனவே எஸ்டிஏ என்றே காட்டுகிறது. நகல் எடுத்தபின் நிறுவுகிறேன். இருவருக்கும் நன்றி.