கீபோர்டில் அந்த ஐந்து முள் மிடி போர்ட் இன்னும் எதற்கு?

விரல்வேகம்:
பன்னிரண்டு வருடமாக என்னிடம் இருக்கும் கீபோர்டு, ஒரு கட்டைகூடப் பழுதில்லை. போன வாரம் புது லேப்டாப்பில் யூஎஸ்பி கேபிளைச் செருகினேன், லேப்டாப் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால் டிரைவர் பழைய விண்டோஸோடு நின்றுவிட்டது, இனி வராதாம். சரி, புதிதாக ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் பல மாடல்களில் பின்புறம் அதே பிரிண்டர் கேபிள் போடும் சதுர யூஎஸ்பி துளை, பக்கத்தில் 1983-இல் வந்த ஐந்து முள் வட்ட மிடி போர்ட் (எந்தக் கட்டையை எப்படி அழுத்தினோம் என்ற செய்தியை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் முறைதான் மிடி). யூஎஸ்பி சி வந்தது 2014-இல், மிடி 2.0 வந்தது 2020-இல். இன்னும் எத்தனை வருடம் வேண்டும் இவர்களுக்கு? அந்த வட்ட போர்ட்டை இனி எந்தப் புது கீபோர்டிலும் வைக்கக் கூடாது என்பது என் கருத்து. அந்த இடத்தையும் செலவையும் யூஎஸ்பி சி-க்குக் கொடுக்கட்டும்.

பழைய சின்த்:
தம்பி, உங்களைக் கைவிட்டது யூஎஸ்பி, திட்டு வாங்குவது ஐந்து முள். இது நியாயமா?

1983 ஜனவரியில் 'நாம்' (NAMM) என்ற இசைக்கருவிக் கண்காட்சியில் சீக்வென்ஷியலின் ப்ராஃபெட்-600, ரோலண்டின் ஜூபிடர்-6 என்ற இரண்டு சின்த்தசைசர்களை ஒரே கேபிளில் இணைத்துக் காட்டினார்கள். போட்டி நிறுவனங்கள் இரண்டு, ஒன்றில் வாசித்தால் மற்றதில் ஒலி வந்தது. அந்த ப்ராஃபெட்-600-ஐ இன்று கடையிலிருந்து வரும் சின்த்தோடு கேபிள் போட்டுப் பாருங்கள், அப்படியே பேசும். டிரைவர் வேண்டாம், ஆப் வேண்டாம். பழைய தொழில்நுட்பம் என்று எதைச் சொல்ல வேண்டும் தெரியுமா? 90-களில் சில கீபோர்டுகளில் 'டு ஹோஸ்ட்' என்று 8 முள்ளில் குட்டி போர்ட் ஒன்று இருந்தது, பக்கத்தில் பிசி-1, பிசி-2, மேக் என்று ஒரு ஸ்விட்ச். அதைக் கணினியின் சீரியல் போர்ட்டில் நேராகச் செருகலாம், மிடியையும் கணினியையும் இணைக்க நடுவில் வைக்கும் இன்டர்ஃபேஸ் பெட்டி தேவையில்லை, அன்றைக்கு எல்லோரும் வியந்தோம். லேப்டாப்பில் சீரியல் போர்ட் போனதும் அதுவும் போயிற்று. அதே கீபோர்டின் பின்னால் இருக்கும் ஐந்து முள் இன்னும் வேலை செய்கிறது.

விரல்வேகம்:
அண்ணா, வேலை செய்கிறது சரி, எந்த வேகத்தில்? வினாடிக்கு 31,250 பிட். ஒரு பைட் போக 320 மைக்ரோசெகண்ட், ஒரு ஸ்வரத்துக்கு மூன்று பைட், ஆக ஏறக்குறைய 1 மில்லிசெகண்ட். இரண்டு கையாலும் பத்து ஸ்வரம் சேர்த்து அழுத்தினால் கடைசி ஸ்வரம் போய்ச் சேர 9.6 மில்லிசெகண்ட். ஒரே கேபிளில் 16 சேனலிலும் டிரம்ஸ், பேஸ், ஸ்ட்ரிங்ஸ் என்று ஓட விட்டால் தாளம் தள்ளாடுவது காதிலேயே தெரியும். அப்புறம் கீபோர்டில் சேர்த்துவைத்த சவுண்டுகளின் பேக்கப். 1 எம்பி அனுப்ப ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும்.

பழைய சின்த்:
கணக்கு சரிதான், ஆனால் அது முழுக்கணக்கு இல்லை. ரன்னிங் ஸ்டேட்டஸ் என்று ஒன்று உண்டு, ஒரே வகைச் செய்தி தொடர்ந்தால் அதன் முதல் பைட்டைத் திரும்ப அனுப்பாது. முதல் ஸ்வரத்துக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் இரண்டே பைட்தான், உங்கள் பத்து ஸ்வரம் 6.7 மில்லிசெகண்டில் முடிந்துவிடும். ஸ்பீக்கரிலிருந்து 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்து வாசிக்கிறீர்கள் என்றால் ஒலி காற்றில் வந்து சேரவே அதைவிட அதிகம் ஆகிறது. ஒரு மனிதர் ஒரு கீபோர்டு வாசிக்க இது போதும். 16 சேனல் நெரிசலும் பேக்கப்பும் நீங்கள் சொன்னபடிதான், அதற்கு யூஎஸ்பிதான் சரி.

வெண்கட்டை:
இடையில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு வேகம் பிரச்சினை இல்லை, நுணுக்கம்தான் பிரச்சினை. பியானோ வாசிப்பவள் நான். ஒரு கட்டையை எவ்வளவு மெதுவாகத் தொடலாம் என்பதில்தான் வாசிப்பே இருக்கிறது, அந்த 1983 மிடி, அதாவது மிடி 1.0, அதை வெறும் 7 பிட்டில், 1 முதல் 127 வரை, அடைத்துவிடுகிறது. 2010-இல் சிசி 88 என்று ஒரு கூடுதல் செய்தியைச் சேர்த்து அதைச் சற்று நுணுக்கமாக்கினார்கள், ஆனால் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். மிடி 2.0-வில் வெலாசிட்டிக்கே, அதாவது கட்டையைத் தொடும் வேகத்துக்கே, 16 பிட், 65,536 படிகள். அந்தப் புதுச் செய்திகள் ஐந்து முள் கேபிளில் போகவே போகாது. ஆகவே எனக்கு விரல்வேகம் சொல்வதுதான் சரி.

மேடை வாசிப்பு:
யூஎஸ்பி சி கேட்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன், அதை மேடையில் பயன்படுத்தியிருக்கிறீர்களா? போன வருடம் ஒரு கச்சேரியில் பாட்டின் நடுவே டிரம்மர் கேபிளை லேசாக மிதித்தார், கண்ட்ரோலரின் (லேப்டாப்பின் ஒலிகளை வாசிக்க வைக்கும் கீபோர்டு) யூஎஸ்பி சி நழுவியது, லேப்டாப் அதை மறுபடி கண்டுபிடிக்கும்வரை ஒரு சரணம் முழுக்க நான் சும்மா நின்றேன். அந்தச் சதுரத் துளை பார்க்க அசிங்கம், ஆனால் கேபிளை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதைச் சொல்லத்தான் எழுத வந்தேன். லேப்டாப் சார்ஜரில் இருக்கும்போது யூஎஸ்பியில் கீபோர்டை இணைத்து, கீபோர்டின் ஆடியோவை மிக்சருக்குக் கொடுத்தால் 'ஙீ...' என்று ஓர் இரைச்சல் வருமே, அது கிரவுண்ட் லூப், கேபிள்கள் வழியாக எர்த் இணைப்பு ஒரு வளையமாகிவிடுவது. ஐந்து முள் மிடியில் வாங்கும் பக்கம் ஆப்டோ-ஐசொலேட்டர் உண்டு. செய்தி ஒளியாக மாறித் தாண்டுகிறது, இரண்டு கருவிக்கும் இடையில் மின்தொடர்பே இல்லை. கேபிளும் 15 மீட்டர் வரை போகலாம், யூஎஸ்பி 2.0-க்கு 5 மீட்டர்தான். 1983-இல் இதை யோசித்து வைத்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

விரல்வேகம்:
இரைச்சல் விஷயம் எனக்குப் புதிது. வீட்டில் அது வருகிறது, சார்ஜரைக் கழற்றினால் நிற்கிறது, காரணம் இதுதானா!

ஆனாலும் ஆரம்பித்த இடத்துக்கே வருகிறேன். என் கீபோர்டு ஏன் செத்தது?

பழைய சின்த்:
அது சாகவில்லை. யூஎஸ்பி மிடிக்குப் பொதுத் தரம் 1999-இலேயே வந்துவிட்டது. அதைப் பின்பற்றிய கீபோர்டுகளுக்குத் தனி டிரைவர் தேவையில்லை, செருகினால் எந்தக் கணினிக்கும் தெரியும். உங்கள் நிறுவனம் அதை விட்டுவிட்டுத் தன் டிரைவரைத் திணித்தது, பிறகு அந்த டிரைவரையும் கைவிட்டது. நீங்கள் கோபப்பட வேண்டியது அங்கே. இதில் நானும் உங்கள் பக்கம்தான். ஒரு யூஎஸ்பி மிடி இன்டர்ஃபேஸ் வாங்கி, கீபோர்டின் மிடி அவுட்டை அதன் மிடி 'இன்' முனையில் போடுங்கள்.

விரல்வேகம்:
இரண்டு நாள் கழித்து எழுதுகிறேன். நண்பர் ஒருவரிடம் இன்டர்ஃபேஸ் கேபிள் இரவல் வாங்கிப் போட்டேன், உடனே வேலை செய்கிறது, வெலாசிட்டி, பெடல் எல்லாம். வட்ட போர்ட்டே கூடாது என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் வெண்கட்டை சொன்னது அப்படியே நிற்கிறது. பக்கத்தில் மிடி 2.0 தெரிந்த ஒரு யூஎஸ்பி போர்ட்டை வைக்காமல் புது கீபோர்டு என்று விற்பது தப்பு, இதில் நான் இறங்கி வரமாட்டேன். இப்போது நான் சேர்த்துவைத்த சவுண்டுகளை பேக்கப் எடுத்துக்கொண்டிருக்கிறேன், ஊர்ந்து போகிறது.

பழைய சின்த்:
போகட்டும், நடுவில் நிறுத்தாதீர்கள். மலிவான இன்டர்ஃபேஸ் கேபிள்கள் சிலவற்றில் ஸ்வரம் ஒழுங்காக வரும், ஆனால் பேக்கப் மாதிரி நீளமான சிஸ்எக்ஸ் செய்தியில் (கருவியின் சொந்தத் தரவை அனுப்பும் மிடி செய்தி) நடுவே சில பைட்கள் விழுந்துவிடும். அதனால் இரண்டு முறை எடுத்து, இரண்டு கோப்புகளும் ஒரே அளவா என்று பாருங்கள். அளவு மாறினால் அதைக் கீபோர்டில் திருப்பி ஏற்றாதீர்கள்.