ஒரு வளைவுக்காக ஐந்து டயர்

குழு: குலசேகரம் வீடு

அண்ணன், காலை 7.40
அனைவருக்கும் வணக்கம். நேற்று ஆறுகாணி ரப்பர் எஸ்டேட்டுக்கு ஏறும்போது, மழை விட்டு அரை மணி நேரம்கூட ஆகாத நிலையில், இரண்டாவது கொண்டை வளைவில் நம் பிக்கப் நின்றுவிட்டது. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தனவே தவிர, வண்டி ஓர் அடிகூட ஏறவில்லை. பால்வெட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்து தள்ளிய பிறகே மேலே போய்ச் சேர்ந்தேன். எனவே இந்த மாதமே டயர்களை மாற்ற வேண்டும் என்றிருக்கிறேன். வண்டி இசுஸு வி-கிராஸ், 2017 மாடல். இப்போதுள்ள டயரில் 245/70 ஆர் 16, 111 எஸ் என்று எழுதியிருக்கிறது. எது வாங்கலாம் என்று சொல்லுங்கள்.

தம்பி, காலை 7.52
அண்ணா, யோசிக்கவே வேண்டாம். சேற்றுக்கென்றே செய்த மட் டெரெய்ன் டயரை 265/70 ஆர் 16 அளவில் போடுங்கள். தரையைப் பிடிக்கும் ரப்பர் பட்டன்கள் ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். வண்டியும் உயரும், பார்வைக்கும் கம்பீரமாக இருக்கும்.

நான், காலை 8.03
உயரும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 245 மில்லிமீட்டர் அகலத்தில் நூற்றுக்கு எழுபது என்றால் பக்கச்சுவரின் உயரம் 171.5, மேலும் கீழுமாக 343, அதனுடன் 16 அங்குல ரிம்மின் 406.4-ஐக் கூட்டினால் டயரின் முழு விட்டம் 749.4 மில்லிமீட்டர். தம்பி சொல்லும் டயருக்கு இதே கணக்கில் 777.4 வருகிறது. ஆனால் அந்த 28 மில்லிமீட்டரில் பாதிதான் வண்டிக்குக் கீழே இடைவெளியாகக் கிடைக்கும். அதாவது ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லை. வேகமானி 80 காட்டும்போது வண்டி உண்மையில் 83-இல் ஓடும்.

மைனி (அண்ணன் மனைவி), காலை 8.20
கம்பீரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வண்டியைத் தினமும் ஓட்டுகிறவளிடமும் ஒரு வார்த்தை கேட்கலாம். டீசல் போடும் நோட்டை எடுத்துப் பார்த்தேன். தக்கலைக்கு வேலைக்குப் போய் வருவது, வாரக் கடைசியில் நாகர்கோவில், இடையிடையே மார்த்தாண்டம் என்று மாதம் 1,400 கிலோமீட்டர் ஓடுகிறது. எஸ்டேட்டின் மண்பாதை போக வர 6 கிலோமீட்டர். மாதத்துக்கு 8 நடை என்று வைத்தாலும் 48 கிலோமீட்டர்தான். நூறு கிலோமீட்டருக்கு நான்குகூட வராத பாதைக்காக, மீதி தொண்ணூற்றாறிலும் இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நான் ஓட்ட வேண்டுமா?

அத்தான் (மார்த்தாண்டம்), காலை 9.31
தங்கச்சி சொன்ன கணக்கிலிருந்துதான் தொடங்க வேண்டும். நான் பட்டறையில் பல வருடமாக டயர் கழற்றி மாட்டுகிறவன். அழகுக்காக மட் டயர் போட்டுவிட்டு, ஆறே மாதத்தில் யாருக்காவது விற்றுத் தர முடியுமா என்று கேட்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வகை டயரில் பட்டன்களுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால் சேற்றைக் கடித்துப் பிடித்து, பிறகு உதறிவிடும். அதே காரணத்தால் ஈரமான தாரில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் வண்டி கூடுதல் தூரம் ஓடித்தான் நிற்கும். ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று இரண்டு பருவமும் கொட்டுகிற ஊரில், குலசேகரம் சாலையின் வளைவுகளில் அது பெரிய விஷயம். பெரிய அளவுக்குப் போனால் இன்னொன்றும் உண்டு: சக்கரத்தின் விட்டம் கூடக் கூட ஏற்றத்தில் இழுவை குறையும், ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் வாய்ப்பிருக்கிறது.
அதற்கு முன்னால், மச்சான், எனக்கு மூன்று விவரங்கள் வேண்டும். வளைவில் நின்றபோது நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டிருந்தீர்களா? டயரில் காற்று எவ்வளவு இருந்தது? பின்னால் லோடு ஏதேனும் இருந்ததா?

அண்ணன், காலை 9.36
இந்தச் செய்தி நீக்கப்பட்டது.

சித்தப்பா (ஆறுகாணி), காலை 10.05
தள்ளிய நால்வரில் ஒருவர் இப்போதுதான் என்னிடம் பேசிவிட்டுப் போனார். முன்சக்கரங்கள் சுழலவே இல்லை என்கிறார்.

அண்ணன், காலை 10.12
சரி, ஒப்புக்கொள்கிறேன். குமிழைத் திருப்ப மறந்துவிட்டேன். வண்டி இரண்டு சக்கர இயக்கத்தில்தான் இருந்தது. காற்று 36 இருந்தது. பின்னால் லோடு எதுவும் இல்லை.

அத்தான் (மார்த்தாண்டம்), காலை 10.30
அப்படியென்றால் எந்த டயரைப் போட்டிருந்தாலும் நேற்று நின்றிருப்பீர்கள். பிக்கப் வண்டியில் லோடு இல்லாதபோது பின்பக்கம் மிகவும் இலேசு; தரையை அழுத்த எடை இல்லாத சக்கரம் சுழலத்தான் செய்யும். மண்பாதை தொடங்கும் இடத்தில் நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டு, காற்றை 24 அளவுக்கு இறக்கி, முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஏறுங்கள். காற்று குறைந்தால் டயர் சற்றுப் பரந்து தரையைக் கூடுதலாகத் தொடும். திரும்பி வரும்போது தார்ச்சாலையில் ஏறுவதற்கு முன்பே, ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் அட்டையிலுள்ள அளவுக்கு மீண்டும் அடித்துவிட வேண்டும். பேட்டரியில் ஓடும் சிறிய கம்ப்ரசர் ஒன்று வண்டியில் கிடக்கட்டும். காய்ந்த தாரில் நான்கு சக்கர இயக்கத்தையும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கியர்ப் பாகங்கள் இறுகித் தேயும்.

சித்தப்பா (ஆறுகாணி), காலை 10.48
நானும் ஒன்று சொல்கிறேன். அந்த வளைவு செம்மண்ணும் களியும் கலந்தது. மழை பெய்த முதல் ஒரு மணி நேரம் அந்தக் களி பட்டனின் இடுக்குகளில் அப்பிக்கொண்டால், புதிய டயரும் மொட்டை டயர்தான். காய்ந்த காலத்திலும் நிம்மதி இல்லை. தை, மாசியில் ரப்பர் மரம் இலையைக் கொட்டும்போது அந்தச் சருகின் மேல் என் ஜீப்பே வழுக்கியிருக்கிறது. அதைத் தாண்டினால் பாறை விளிம்பு. அங்கே டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பஞ்சர் ஒட்டவும் முடியாது. எனவே பட்டனைவிடப் பக்கச்சுவரைப் பாருங்கள்.

மைனி, காலை 10.55
அப்படியானால் டயர் மாற்றவே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

நான், காலை 11.10
மாற்றத்தான் வேண்டும், மைனி. இப்போது கீழே போய் அளந்து பார்த்தேன். பட்டனின் உயரம் முன்டயரில் 3 மில்லிமீட்டர், பின்டயரில் 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 1.6-க்குக் கீழே போனால் சட்டப்படி ஓட்டக் கூடாது. மழையில் அதுவரை காத்திருப்பதும் சரியல்ல. பக்கச்சுவரில் 2319 என்ற எண்ணும் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம் செய்த டயர் என்று பொருள்.

அத்தான் (மார்த்தாண்டம்), காலை 11.34
அப்படியானால் இதே 245/70 ஆர் 16 அளவில், தாருக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் டயர் போதும். அதுவும் எல்லாம் ஒன்றல்ல. அப்பல்லோ ஆப்டெரா ஏ.டி.2, யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 போன்றவை தார்ச்சாலையைக் கணிசமாக மனத்தில் வைத்துச் செய்தவை, பி.எஃப். குட்ரிச் கே.ஓ.2 கரடுமுரடான பாதைக்கு உறுதியான பக்கச்சுவர் கொண்டது, ஆனால் எடையும் விலையும் கூடுதல். எல்.டி. என்ற எழுத்தில் தொடங்கும் கனரகக் கட்டுமானத்தை எடுத்தால் பாறையைத் தாங்கும். அதே லோடுக்கு அதிகக் காற்று அடிக்க வேண்டியிருக்கும், லோடு இல்லாமல் ஓட்டும்போது குலுக்கலும் தெரியும்.
கடைக்காரர் எதைக் காட்டினாலும் லோடு எண் 111-க்குக் குறையாமல் பாருங்கள். 111 என்றால் ஒரு டயர் 1,090 கிலோ தாங்கும். 107 என்றால் 975 கிலோதான். ஒட்டுப்பால் (சிரட்டையில் உறைந்த ரப்பர்) மூட்டைகளும் அன்னாசியும் ஏற்றுகிற வண்டியில் அந்த வித்தியாசத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது. எஸ் என்பது 180 கிலோமீட்டர் வேகத்துக்கான எழுத்து. ஆல் டெரெய்னில் கியூ என்று இருந்தாலும் 160 வரை தாங்கும், ஆனால் கம்பெனி கொடுத்த எழுத்துக்குக் கீழே போகாமலிருப்பதே என் வழக்கம். பனிமலைப் படம் போட்ட முத்திரையைக் காட்டிக் கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள், அது பனி விழும் ஊருக்கானது.

சித்தப்பா (ஆறுகாணி), காலை 11.41
நம் ரப்பர் ஷீட்டையும் ஒட்டுப்பாலையும் வாங்கும்போது தரம் போதாது, ஈரம் அதிகம் என்று நூறு குறை சொல்கிறார்கள். அதே ரப்பர் கறுப்பாகித் திரும்பி வரும்போது மட்டும் நாம் வாய் திறக்காமல் எண்ணிக் கொடுக்க வேண்டும்.

தம்பி, காலை 11.50
எனக்கு இன்னும் மட் டயர்மேல்தான் ஆசை. இருந்தாலும் நான் ஓட்டுவது வருடத்துக்கு இரண்டு முறை என்பதால் வாக்கைத் திரும்பப் பெறுகிறேன்.

மைனி, நண்பகல் 12.05
என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அதே அளவில், தார்ச்சாலைக்குச் சாய்ந்த ஆல் டெரெய்ன், லோடு எண் 111, தயாரித்து ஆறு மாதத்துக்கு மேல் ஆகாதது; கனரகக் கட்டுமானம் வேண்டாம். அதில் மிஞ்சும் பணத்தில் கம்ப்ரசரை வாங்கலாம், இரண்டாவது வளைவில் கருங்கல் பாவவும் கொஞ்சம் வைக்கலாம். மாமா, கல்லுக்கு ஆள் கிடைக்குமா?

சித்தப்பா (ஆறுகாணி), நண்பகல் 12.14
கிடைக்கும், மக்களே. இரண்டு நாள் வேலைதான். மழை விட்டதும் செய்துவிடலாம்.

அண்ணன், நண்பகல் 12.20
அப்படியே ஆகட்டும். நான்கு வாங்குவதா, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தா?

அத்தான் (மார்த்தாண்டம்), நண்பகல் 12.33
ஐந்து. பஞ்சராகி மூன்று புதியதும் தேய்ந்த ஸ்டெப்னியுமாக நான்கு சக்கர இயக்கத்தைப் போட்டால், சுற்றளவு மாறுபட்டு, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் அடிவாங்கும். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஸ்டெப்னியையும் சுழற்சியில் சேர்த்து மாற்றிப் போட்டால் ஐந்தும் ஒரே சீராகத் தேயும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு முன்பு வண்டியைக் கொண்டு வந்துவிடுங்கள், மச்சான்; அலைன்மென்ட்டும் பேலன்சிங்கும் முடிய மதியம் ஆகிவிடும்.

மைனி, நண்பகல் 12.36
நானே கொண்டு வருகிறேன், மார்த்தாண்டம் அண்ணன்.