பரப்பு சூடானால் பக்கத்து அணு ஏன் கூடுதலாக இழுபடுகிறது?

தண்டையார்பேட்டை மாணவி:
எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன், காசிமிர்-போல்டர் விசை (மின்னூட்டமில்லாத அணுவுக்கும் பக்கத்துப் பரப்புக்கும் இடையே உள்ள விசை) பற்றி செமினார் எடுக்க வேண்டும். வகுப்பில் எல்லாக் கணக்கையும் 0 கெல்வினில் போட்டு முடித்துவிட்டார்கள். ஆனால் மே மாத மதியம் இங்கே 310 கெல்வின், அந்த வெப்பம் விசைக்குள் எங்கே வருகிறது? பரப்பைச் சூடாக்கினால் இழுப்பு கூடும் என்று படித்தது இன்னும் குழப்புகிறது, விலகத்தானே வேண்டும்?

ராயபுரம் வாத்தியார்:
முதலில் தூரத்தைப் பாரும்மா. வெப்பக் கதிர்வீச்சின் நீள அளவான ħc/kT-ஐ (T வெப்பநிலை, மற்றவை மாறிலிகள்) போட்டுப் பார்த்தால் 300 கெல்வினில் ஏறக்குறைய 7.6 மைக்ரான் வரும் (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). ஒரு மைக்ரானுக்குள் வெப்பம் கண்ணில் படாது, அங்கே வெற்றிடத்தின் குவாண்டம் அலைவுகள்தான் எல்லாம். அந்த 7.6-ஐ நெருங்கும்போதுதான் வெப்ப அலைவுகள் தலைகாட்டும், தாண்டிவிட்டால் விசை வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் போகும். 1950களில் சோவியத் இயற்பியலாளர் லிஃப்ஷிட்ஸ் போட்ட வழி இது.

மாணவி:
சரி சார், சூடான பரப்பு?

வியாசர்பாடி அண்ணன்:
அது நான் சொல்கிறேன், எனக்கு ரொம்பப் பிடித்த இடம். சூடான பரப்பிலிருந்து வெளியே பறந்து போகும் கதிர்வீச்சு மட்டுமல்ல, பரப்பை ஒட்டியே நின்று விலக விலகத் தேய்ந்துபோகும் மின்காந்தப் புலமும் இருக்கிறது. புலம் எங்கே வலுவோ அங்கே அணுவின் ஆற்றல் குறையும், அதனால் அது பரப்பை நோக்கிப் போகும். சுற்றுப்புறமும் அதே சூட்டில் இருந்தால் அங்கிருந்து வரும் கதிர்வீச்சு இதில் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும். பரப்பின் சூட்டுக்கும் சுற்றுப்புறத்தின் சூட்டுக்கும் வேறுபாடு இருந்தால்தான் வேடிக்கை. அன்டெஸா, பிட்டாயெவ்ஸ்கி, ஸ்டிரிங்காரி என்ற இயற்பியலாளர்கள் 2005-இல் காட்டியது இதுதான்: தூரம் அதிகமானால் விசை இரு வெப்பநிலைகளின் வர்க்கங்களின் வித்தியாசத்தைப் பொறுத்தது, தூரத்தின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறையும்.

2007-இல் இயற்பியலாளர் எரிக் கார்னெல் குழு கொலராடோவில் அளந்தே காட்டியது. ருபிடியம் அணுக்களின் போஸ்-ஐன்ஸ்டைன் செறிபொருளை (மிகக் குளிர்ந்து ஒரே அலைபோல் நடக்கும் அணுக்கூட்டம்) காந்தப் பொறியில் பிடித்து, சிலிக்கா கண்ணாடிக்கு 7 முதல் 11 மைக்ரான் தள்ளி ஊசலாட விட்டார்கள். பரப்பின் விசையால் ஊசல் அதிர்வெண் பத்தாயிரத்தில் ஓரிரு பங்கு மாறுவதைப் பிடிக்க வேண்டும், அவ்வளவு நுணுக்கம்! கண்ணாடி 605 கெல்வின், சுற்றுப்புறம் நீ சொன்ன அதே 310 கெல்வின். கண்ணாடியைச் சூடாக்காதபோது இருந்ததைவிட விசை ஏறக்குறைய மூன்று மடங்கானது.

மாணவி:
அப்போ கண்ணாடி குளிர்ந்து சுற்றுப்புறம் சூடானால் தள்ளுமா அண்ணா?

வியாசர்பாடி அண்ணன்:
தள்ளும், போதுமான தூரத்தில். கிட்டே வந்தால் சாதாரண இழுப்பே ஜெயிக்கும். ஸ்லைடில் இரண்டு வெப்பநிலையையும் தனித்தனியாக எழுது, ஒரே T போட்டால் எல்லாரும் குழம்புவார்கள்.