அப்பா அம்மாவோடு இலங்கை போகிறோம்: ரொக்கமா, கார்டா, யுபிஐயா?

காவேரிப்பட்டணம்_மண்டி:

வணக்கம். மாங்காய் சீசன் முடிந்து மண்டி ஓய்ந்ததும், ஆடியில் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு இலங்கை போகிறேன். பெங்களூரிலிருந்து கொழும்புக்கு விமானம். அங்கிருந்து கதிர்காமம், திருகோணமலை, யாழ்ப்பாணத்து நல்லூர். கதிர்காமம் முருகனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அறைக்கும் வண்டிக்கும் முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது.

எங்கள் வீட்டில் யாரும் வெளிநாடு போனதில்லை. குழப்பமெல்லாம் கைச்செலவுப் பணத்தில்தான். "எல்லாத்தையும் ரொக்கமா இடுப்பு பெல்ட்டுல வெச்சுக்கலாம், அங்கயும் ரூபாய்தானே" என்கிறார் அப்பா. அவரிடம் இருப்பது பென்ஷன் கணக்கின் ரூபே கார்டு. என்னிடம் விசா டெபிட் கார்டும் போனில் யுபிஐயும் உண்டு. அம்மாவிடம் எதுவும் இல்லை. நம்ம ஐநூறு நோட்டு அங்கே கடையிலேயே செல்லும் என்று மண்டியில் ஒருவர் சொல்கிறார். ஸ்கேன் செய்தால் போதும், காசே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

பென்னாகரம்_பழைய_கேஷியர்:

தம்பி, சட்டத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். இந்திய நோட்டை ஆளுக்கு 25,000 ரூபாய் வரைதான் வெளியே கொண்டுபோகலாம். உங்கள் அப்பா பெல்ட்டில் லட்சக்கணக்கில் கட்டிக்கொண்டு விமானம் ஏற முடியாது. டாலராக வாங்குவதென்றால் உரிமம் பெற்ற நாணய மாற்று நிலையத்திலோ வங்கியிலோ மட்டும் வாங்குங்கள். ரொக்கம் கொடுத்து வாங்க 50,000 ரூபாய்தான் வரம்பு, அதற்கு மேல் கணக்கிலிருந்து கட்ட வேண்டும். பாஸ்போர்ட், டிக்கெட் கேட்பார்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னொன்று. இந்தியாவில் கார்டு புதிதாகக் கொடுக்கும்போது உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். 2020 மார்ச்சிலிருந்து ரிசர்வ் வங்கி விதி அது. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கி ஆப்பில் நீங்களே இயக்க வேண்டும். ஏடிஎம்முக்குத் தனி, கடை மெஷினுக்குத் தனி. வரம்பையும் அங்கேயே வையுங்கள். ஊருக்குத் திரும்பியதும் அணைத்துவிடுங்கள்.

அரூர்_யாத்திரை:

தம்பி, தருமபுரிப் பக்கத்துப் பெரியவர்களைக் கோயில் யாத்திரைக்கு அழைத்துப் போவதுதான் என் வேலை. இலங்கைக்கும் கூட்டிப் போகிறேன். எவ்வளவு பணம் என்பதை விட, அது யார் யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

ஒரு தடவை எங்கள் குழுவில் வந்த ஒரு குடும்பத்தில், நான்கு பேரின் பணமும் கார்டும் மகனுடைய ஒரே கைப்பையில் இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வரும் ரயிலில் அந்தப் பை போய்விட்டது. போலீஸில் எழுதிக்கொடுத்தோம், கார்டுகளைப் போனிலேயே முடக்கினோம், செலவைக் குழுவில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டோம். ஆனால் அந்தக் குடும்பத்துப் பாட்டி ஒரு தேங்காய் வாங்கவும் மற்றவர் முகத்தைப் பார்க்க வேண்டியதாயிற்று. எழுபது வயதுக்கு மேல் அந்த நிலை யாருக்கும் வரக்கூடாது. அன்றிலிருந்து கிளம்பும் நாளில் ஒவ்வொரு பெரியவரையும் தனியாகக் கேட்கிறேன்: உங்கள் கையில் என்ன இருக்கிறது?

அதனால் உங்கள் அம்மாவுக்குத் தனியாக ஒரு சுருக்குப்பையில் காசு கொடுங்கள். கார்டு இல்லை என்பது பெரிய விஷயமில்லை. தங்கும் இடத்தின் பெயர், போன் நம்பர் எழுதிய சீட்டும் அதற்குள் இருக்கட்டும்.

இனி நீங்கள் கேட்டது. நம் ரூபாயைக் கடையில் வாங்க மாட்டார்கள். நாணயம் மாற்றும் இடத்தில் வாங்குவார்கள். நம் ஒரு ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள், விலை கேட்டதும் பயம் வராது. கொழும்புக்கான கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வருமுன்பே வங்கிக் கவுண்டர்கள் வரிசையாக இருக்கும். முதல் நாளுக்கு வேண்டியதை அங்கேயே மாற்றிவிடுங்கள். மீதியைக் கொழும்பில் கோட்டைப் பக்கமோ வெள்ளவத்தையிலோ நான்கு கடை விசாரித்து மாற்றலாம். டாலர் கொண்டுபோனால் நோட்டு புதிதாக, கிறுக்கல், கிழிசல் இல்லாமல் இருக்கட்டும். மாற்றிய ரசீது கட்டாயம் வேண்டும், திரும்பும்போது மிச்ச இலங்கைப் பணத்தை மாற்றக் கேட்பார்கள்.

மாற்றும்போது 5,000 நோட்டாகக் கட்டிக் கொடுப்பார்கள். "நூறு, ஐநூறாகக் கொஞ்சம் கொடுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். பஸ்ஸிலும் இளநீர்க்காரரிடமும் 5,000 நோட்டை நீட்டினால் அவருக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். அறையும் வண்டியும் கட்டியாகிவிட்டது என்பதால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 5,000 இலங்கை ரூபாய் இருந்தால் தாராளம்.

யுபிஐ உண்மைதான். 2024 பிப்ரவரியிலிருந்து இலங்கையில் நடக்கிறது. லங்கா க்யூஆர் (இலங்கைக் கடைகளின் பொது ஸ்கேன் குறியீடு) ஒட்டிய கடைகளில் நம் ஆப்பில் ஸ்கேன் செய்யலாம். ஆனால் எல்லா க்யூஆரும் நம் ஆப்பை ஏற்பதில்லை. ஆட்டோக்காரர் நம்பருக்கு இங்கே அனுப்புவது போல் அங்கே அனுப்பவும் முடியாது, கடைக்கு மட்டும்தான். கிளம்புமுன் ஆப்பில் வெளிநாட்டு யுபிஐயை இயக்குங்கள், அது குறிப்பிட்ட நாட்களுக்குத்தான் திறந்திருக்கும். இந்திய சிம்மைக் கழற்றாதீர்கள், அங்கே வாங்கும் சிம்மை இரண்டாவது இடத்தில் போடுங்கள். ஓடிபி வருவதற்கும் அந்த இந்திய சிம்தான் வேண்டும், ரோமிங் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ரூபே கார்டு பற்றி வங்கியில் நேரில் கேளுங்கள். ரூபேயில் வெளிநாட்டில் ஆகிற வகையும் உண்டு, உள்நாட்டுக்கு மட்டுமான வகையும் உண்டு. பென்ஷன் கணக்குக்குக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாவது வகை. உங்கள் விசா கார்டைப் பெரிய ஹோட்டல், பெரிய கடைக்கு மட்டும் வையுங்கள். மெஷின் "இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா" என்று கேட்டால் இலங்கை ரூபாயையே அழுத்துங்கள். நம் ரூபாயில் தொகை தெரிவது மனதுக்கு நிம்மதியாக இருக்கும், ஆனால் அந்த மாற்று விலை பெரும்பாலும் நமக்கு நஷ்டம்.

பென்னாகரம்_பழைய_கேஷியர்:

அரூர்க்காரர் சொன்னதோடு ஒரு கணக்கு. பல வங்கிகள் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிக்கும், அதற்கு மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் 350, வரி 63, ஆக 413 ரூபாய் போகும். ஏடிஎம்மில் எடுத்தால் ஒவ்வொரு தடவைக்கும் தனிக் கட்டணம் வேறு. சின்னச் சின்னதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுப்பது நல்லது.

யாழ்ப்பாணத்து_மருமகள்_ஓசூர்:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள், திருமணம் செய்து ஓசூரில் இருக்கிறேன். ஆடியில் போகிறீர்கள் என்பதால் ஒரு விஷயம் சொல்ல வேண்டும், தம்பி. இலங்கையில் ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, வங்கி திறக்காது. சனி, ஞாயிறோடு சேர்ந்துவிட்டால் மூன்று நாள் ஓடிவிடும். கதிர்காமத் திருவிழாவும் ஆடிப் பௌர்ணமியை ஒட்டித்தான் முடியும், கூட்டம் நெரியும். விடுமுறைக்கு முந்தைய நாளே காசை மாற்றி வைத்துவிடுங்கள். ஏடிஎம்மும் வங்கி திறந்திருக்கும் நேரத்தில், வங்கியோடு ஒட்டிய மெஷினில் எடுங்கள். கார்டு உள்ளே சிக்கினால் உடனே உள்ளே போய்க் கேட்கலாம்.

நல்லூரில் அர்ச்சனைச் சீட்டு ஒரு இலங்கை ரூபாய்தான். யாராக இருந்தாலும் அதே விலை. அம்மாவின் சுருக்குப்பையில் சில்லறைக் காசு கொஞ்சம் இருக்கட்டும், அவரே வாங்கிக்கொள்ளட்டும். அப்பாவும் நீங்களும் சட்டையைக் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும், அதனால் பணத்தைச் சட்டைப் பையில் வைக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம்_மண்டி:

அண்ணா, ஐயா, அக்கா, மூவருக்கும் நன்றி. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். 25,000 வரம்பு என்றதும் ஒத்துக்கொண்டார். நாளை வங்கியில் அவருடைய கார்டைக் கேட்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். ஆளுக்கு 25,000 என்றால் மூவரின் பணத்தையும் சேர்த்து நானே வைத்துக்கொள்ளலாமா?

அரூர்_யாத்திரை:

வேண்டாம் தம்பி. வரம்பு ஆளுக்கு ஆள். விமான நிலையத்தில் சோதனை செய்தால் உங்கள் பையில் இருப்பது உங்கள் பணமாகத்தான் கணக்காகும். அவரவர் பணம் அவரவரிடமே இருக்கட்டும், அப்பாவிடம் பெல்ட்டில், அம்மாவிடம் சுருக்குப்பையில். விசா கார்டை நீங்கள் வைத்துக்கொண்டு, வங்கியின் அவசர எண்ணை அப்பாவின் போனில் பதிந்து வையுங்கள்.