அமெரிக்காவுல சட்டம் மாறிக்கிட்டே இருக்கு, பலகாரம் அனுப்புற நாம முன்னாடியே எப்படித் தயாராகுறது?

பள்ளத்தூர் பலகாரம்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டு மூணாங்கட்டுல அடுப்பு போட்டு ஏழு பேர் வேலை பாக்குறோம், தேன்குழல், கைமுறுக்கு, மாவுருண்டை, சீப்புச் சீடை. அமெரிக்காவுல இருக்குற நம்ம ஊர்க்காரங்க வீடுகளுக்கு நேரா பார்சல், அதுபோக ஒரு கடைக்கு மொத்தமா அட்டைப்பெட்டி. 800 டாலருக்குள்ள இருந்தா வரி கிடையாதுன்னு நம்பித்தான் விலையே போட்டிருந்தேன். 2025 ஆகஸ்ட் 29ல அந்தச் சலுகை எல்லா நாட்டுக்கும் போச்சு, அதுக்கு நாலு நாள் முன்னாடியே இங்க தபால்ல பார்சல் புக்கிங்கை நிறுத்திட்டாங்க, திரும்ப ஆரம்பிச்சது அக்டோபர் 15, தீபாவளி ஆர்டர்ல பாதிக்கு மேல கேன்சல். அது போதாதுன்னு கடைக்குப் போன ஒரு லாட்டை லேபிள்ல எள்ளு சரியா போடலைன்னு நிறுத்தி வச்சாங்க. ஏஜென்ட்டைக் கேட்டா "சட்டம் மாறிடுச்சும்மா"ன்னு எல்லாம் முடிஞ்ச பிறகு சொல்றாரு. முன்னாடியே தெரிஞ்சுக்க வழி இருக்கா இல்லையா?

நியூஜெர்சி காரைக்குடியான்:
ஆச்சி, இருக்கு. நான் இங்க உணவு இறக்குமதி பேப்பர் வேலைதான் பாக்குறேன், அதனால கொஞ்சம் நீளமா சொல்றேன். ஃபெடரல், அதாவது இங்க மத்திய அரசு கொண்டு வர்ற மாற்றம் ரெண்டு வேகத்துல வரும், ஒண்ணு மெதுவா, இன்னொண்ணு திடீர்னு, இதைப் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சா பாதி பயம் போயிரும். உங்க எள்ளு விஷயத்தையே எடுங்க. எள்ளை ஒன்பதாவது முக்கிய அலர்ஜின்னு சேர்த்த சட்டத்துல ஜனாதிபதி கையெழுத்துப் போட்டது 2021 ஏப்ரல் 23, நடைமுறைக்கு வந்தது 2023 ஜனவரி 1. இருபது மாசம் டைம் இருந்துச்சு ஆச்சி, உங்ககிட்ட யாரும் சொல்லலை, அவ்வளவுதான். 'ஜிஞ்சிலி', 'டில்'னு போட்டா செல்லாது, 'செசமி'ங்கிற பேரே இருக்கணும், செக்குல ஆட்டின நல்லெண்ணெய்ல சுட்டாலும் போடணும். இப்ப வரியைப் பாருங்க, இந்தியாவுக்கு கூடுதலா 25 சதவீதம்னு உத்தரவு வந்தது 2025 ஆகஸ்ட் 6, அமலுக்கு வந்தது 27, வெறும் 21 நாள்!

மெதுவா வர்ற முதல் வகைக்கு காலண்டர் போதும். அமெரிக்க அரசாங்கத்தோட தினசரி கெஜட் ஃபெடரல் ரெஜிஸ்டர்னு இருக்கு, உங்க பொருளுக்கு சம்பந்தப்பட்ட வார்த்தை குடுத்தா இமெயில்ல இலவசமாவே வந்துரும். பெரும்பாலான விதியை முதல்ல வரைவா போட்டு கருத்து கேப்பாங்க, பள்ளத்தூர்ல இருந்துகூட எழுதலாம். ஒரு உதாரணம், சிவப்பு நம்பர் 3 கலரை உணவுல இருந்து எடுக்க கடைசி நாள் 2027 ஜனவரி 15, கலர் போட்டு ஏதாவது செய்யிறீங்கன்னா இப்பவே பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. ரெண்டாவது வகைக்கு காலண்டர் உதவாது, அங்க வாங்குறவரோட போட்ட ஆர்டர் பேப்பர்ல என்ன எழுதியிருக்குங்கிறதுதான் காப்பாத்தும்.

ஆத்தங்குடி டைல்ஸ்:
அண்ணன் சொன்ன ரெண்டாவது வகையில அடி வாங்குனவன் நான். டெக்சாஸ்ல ஒரு வீட்டுக்கு ஆர்டர், டைலை வெயில்ல காயவச்சு வைக்கோல் வச்சு மரப்பெட்டியில அடுக்கி தூத்துக்குடிக்கு அனுப்புனோம். ஆகஸ்ட் 27ந் தேதிக்கு முன்னாடி கப்பல்ல ஏறி செப்டம்பர் 17க்கு முன்னாடி அங்க கிளியர் ஆகுற சரக்குக்கு அந்தக் கூடுதல் வரி இல்லைன்னு விலக்கு இருந்துச்சு, ஏத்துனது என்னமோ முன்னாடிதான் ஆனா நம்ம கப்பல் போய்ச் சேர்ந்தது 17க்கு அப்புறம். கப்பல்ல ஏத்துற வரைக்கும்தான் என் பொறுப்புன்னு எஃப்.ஓ.பி போட்டிருந்ததால, வரி சரக்கு வாங்குறவர் தலையில, கணக்குப்படி எனக்கு நஷ்டம் இல்லை. ஆனா பத்து வருஷப் பழக்கம், மனசு கேக்கலை, பாதியை நான் ஏத்துக்கிட்டேன். வாசல் வரைக்கும் எல்லா வரியும் நானே கட்டுறேன்னு டி.டி.பி போட்ட ஒரு சிநேகிதருக்கு அந்த சீசனே போச்சு. இப்ப நான் குடுக்குற கொட்டேஷன் 15 நாள்தான் செல்லும், வரி மாறினா ஆளுக்குப் பாதின்னு ஒரு வரி எழுதிடுறேன். ஆச்சி, நீங்க வீட்டு பார்சலுக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே இதைச் சொல்லிருங்க, நம்ம ஜனங்க கோவிச்சுக்க மாட்டாங்க.

கானாடுகாத்தான்:
தம்பிகளா, நல்லா சொல்றீங்க. எனக்கு கம்ப்யூட்டர் விவரம் தெரியாது, பேரன்தான் டைப் பண்றான். எங்க ஐயா பர்மாவுல கொண்டுவிக்க, அதான் கடன் குடுக்குற தொழிலுக்குப் போனவுக. 1937ல பர்மா இந்தியாவை விட்டுப் பிரிஞ்சப்பவே காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு சில பேருக்குப் புரிஞ்சிருக்கு, அவுக பணத்துல கொஞ்சத்தை மலாயாவுக்கு மாத்துனாக. எங்க வீட்டுல மாத்தலை, கடனுக்கு வந்த நெல்லு நிலம் எங்கே போயிரப் போகுதுன்னு இருந்துட்டாக. 1948ல நிலத்தை தேசியமயமாக்குற சட்டம் வந்துச்சு. அந்தப் பேரேடு இன்னும் மாடி அறையில பெட்டியில இருக்கு, கடைசிப் பக்கம் வரைக்கும் ஐயா கையெழுத்து ஒழுங்கா வரி வரியா நிக்கும், வாங்கத்தான் ஒண்ணும் இல்லை. ஆத்தா, எத்தனை பங்கு சரக்கு அமெரிக்காவுக்கு மட்டும் போகுது? சிங்கப்பூர், மலேசியாவுலயும் நம்ம புள்ளிக இருக்காக, அங்கேயும் ஒரு கடை புடி.

பள்ளத்தூர் பலகாரம்:
ஐயா, பத்துக்கு எட்டு அமெரிக்காதான், எழுதும்போதே பயமா இருக்கு. பினாங்குல அத்தை மகன் இருக்காரு, இன்னைக்கே பேசுறேன். நேத்து ராத்திரி பழைய லேபிளை எடுத்து எண்ணுனேன், நாலாயிரம் கிடக்கு, மொத்தமா அடிச்சா காசு கம்மின்னு அடிச்சது, ஒண்ணுலயும் 'செசமி' இல்லை. இனிமே ஐநூறு ஐநூறாத்தான் அடிக்கப் போறேன். தம்பி, ஒரு சந்தேகம், எஃப்.டி.ஏ, அதான் அந்த ஊரு உணவு-மருந்துத் துறை, அதோட ரெஜிஸ்ட்ரேஷன் லாகின் எல்லாம் ஏஜென்ட்கிட்டதான் இருக்கு, பரவாயில்லையா?

நியூஜெர்சி காரைக்குடியான்:
பரவாயில்லைன்னு விடாதீங்க ஆச்சி. அதை ரெட்டைப்படை வருஷம் ஒவ்வொண்ணுலயும் அக்டோபர் 1ல இருந்து டிசம்பர் 31க்குள்ள புதுப்பிக்கணும், அவர் மறந்தா ரத்தாகுறது உங்க பேரு. லாகினை நாளைக்கே கேட்டு வாங்கி உங்க நோட்டுல எழுதி வைங்க, குடுக்க மாட்டேன்னு இழுத்தா எனக்கு இங்க மெசேஜ் போடுங்க, கூடவே உக்காந்து சரி பண்ணித் தர்றேன்.