நெஞ்சு நோ என்று வரும் எல்லோருக்கும் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டுமா?

கொட்டாஞ்சேனை மகள்:
62 வயதான என் அப்பா நீரிழிவு நோயாளி. மாடிப்படி ஏறும்போதெல்லாம் நெஞ்சு எரிகிறது, வியர்க்கிறது என்று சென்ற மாதம் பக்கத்து டிஸ்பென்சரிக்குப் போனார். விலாவை அழுத்திப் பார்த்தார்கள், வலிக்கவில்லை. வாய்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். மறுநாள் விடியற்காலையில் மாரடைப்பு வந்து, உயிர் மட்டும் தப்பியது. நெஞ்சு நோவோடு வரும் எவரையும் ஈ.சி.ஜி. எடுக்காமல் அனுப்பக் கூடாது என்கிறேன்.

வெள்ளவத்தை வைத்தியர்:
உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் கேட்கும் தீர்வோடு எனக்கு உடன்பாடில்லை. குடும்ப வைத்தியரிடம் இந்த நோவோடு வருபவர்களில் பெரும்பாலோருக்கு இதயத்தில் கோளாறு இருப்பதில்லை. மார்புச்சுவரின் தசையும் குருத்தெலும்புமே முதற்காரணம். மாரடைப்பின் தொடக்கத்தில் ஈ.சி.ஜி. இயல்பாகவும் இருக்கலாம். இரவில் நோ திரும்பிய பின்னும், "காலையில் எடுத்தது நல்லதுதானே" என்று படுத்திருந்த ஒருவரை நான் அறிவேன். ஜேர்மனியின் மார்பேர்க்கில், நெஞ்சு நோவுக்கு இதயம் காரணமா என்று கணிக்க உருவான மதிப்பெண் முறை ஐந்து விடயங்களை மட்டுமே பார்க்கிறது: ஆண் என்றால் 55, பெண் என்றால் 65 வயதை எட்டியிருப்பது, முன்பே அறிந்த இரத்தக்குழாய் நோய், உழைக்கும்போது நோ கூடுவது, அழுத்தினால் அந்த நோ வராதது, இதயக் கோளாறு என்று நோயாளியே எண்ணுவது. ஈ.சி.ஜி. அதில் இல்லை.

மருந்தாளர்:
ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். அமிலத்தைத் தணிக்கும் மருந்து குடித்ததும் நோ தணிந்தால் அது இதயம் அல்ல என்று பலர் நம்புகிறார்கள். அப்படி முடிவு செய்ய இடமில்லை.

கொட்டாஞ்சேனை மகள்:
அந்தக் கணக்கை அப்பாவுக்குப் போட்டுப் பார்த்தேன், டொக்டர். வயதுக்கு 1, படியேற்றத்துக்கு 1, அழுத்தியும் வலிக்காததற்கு 1. வாய்வு என்றே அவரும் நம்பியதால் ஐந்தாவதற்குப் பூச்சியம். நீரிழிவுக்கு அந்தப் பட்டியலில் இடமே இல்லையே!

வெள்ளவத்தை வைத்தியர்:
கணக்குச் சரி. 3 வந்தாலே ஆபத்து குறைவு என்று சொல்ல முடியாது. நீரிழிவையும் வியர்வையையும் வைத்தியர்தான் சேர்த்து நிறுக்க வேண்டும். அப்படி ஒருவர் என்னிடம் வந்தால், ஒவ்வாமையோ இரத்தக்கசிவோ இல்லையெனில் 300 மில்லிகிராம் அஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்து, 1990 அம்புலன்ஸை அழைத்துத் தேசிய வைத்தியசாலைக்கு அனுப்பிவிடுவேன். இதயத் தசை சேதமானால் இரத்தத்தில் கூடும் ட்ரோபோனின் என்ற புரதத்தைச் சில மணி நேரம் விட்டு மீண்டும் பார்க்கும் வசதி அங்கேதான் உண்டு.

கொட்டாஞ்சேனை மகள்:
நீங்கள் அனுப்புவீர்கள். மாலையில் நாற்பது பேர் காத்திருக்கும் டிஸ்பென்சரியில் இந்த ஐந்தையும் யார் கேட்கிறார்கள்? ஒரு தாள் எடுத்திருந்தால், மறுநாள் வைத்தியசாலையில் ஒப்பிட்டுப் பார்க்கவாவது அது உதவியிருக்கும்.

வெள்ளவத்தை வைத்தியர்:
ஒப்பிடுவதற்கு எடுங்கள், மறுக்கவில்லை. அந்தத் தாளைக் காட்டி வீட்டுக்கு அனுப்பாதீர்கள் என்பதில்தான் பிடிவாதமாக இருக்கிறேன்.